மணி அடிக்கவில்லை, இரையைக் காணோம்: எண்ணூர்க் கழியில் கொத்து காட்டிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

எண்ணூர் முகத்துவாரத்துக்கு உள்ளே, கொசஸ்தலை ஆறு கடலில் விழுவதற்கு முன் அகன்று கிடக்கும் உப்பங்கழிக் கரையில், ராடும் ரீலுமாகத் தூண்டில் போடுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. ராடு நுனியில் கிளிப் மணி மாட்டியிருக்கிறது. மணி அடிக்கவே இல்லை. கால் மணி நேரம் கழித்துச் சுற்றி எடுத்தால் முள் மட்டும் பளபளவென்று வருகிறது, இறால் துண்டைக் காணோம். காற்று எழும்பிய பிறகோ நேர்மாறு: மணி ஓயாமல் அடிக்கிறது, இரை போட்டபடியே இருக்கிறது.

"சின்ன மீன் அரிச்சுட்டுப் போயிருக்கும்" என்று சொல்லி அடுத்த இரையைக் கோப்பதுதான் வழக்கம். பாதி நேரம் அது உண்மையும் கூட. ஆனால் கிழங்கானும் மடவையும் ஒழுங்கான அளவில் திரியும் இடத்திலேயே இப்படி நடக்கும்போது குற்றம் மீனிடம் இல்லை, மீன் கொத்துவதை நமக்குக் காட்ட மாட்டிய மணியிடம், அதாவது காட்டியிடம் இருக்கிறது. அந்தக் காட்டியில் என்ன கோளாறு, அதற்குப் பதில் வீட்டிலேயே எதைச் செய்து மாட்டலாம், உறைந்த ஏரிமீது மீன் பிடிக்கிறவர்கள் பயன்படுத்தும் நுனிப்பட்டை இந்தக் கழிக்கு ஒத்துவருமா என்பவையே இந்த ஆய்வின் பொருள்.

எடுத்துக்கொண்ட அமைப்பு இங்கே பரவலாகக் காணப்படுவதுதான்: 7 அடி கண்ணாடி இழை ராடு, 3000 அளவு ரீல், 0.30 மி.மீ. நைலான் நரம்பு, அடியில் 20 முதல் 40 கிராம் ஈயம், அதற்கு மேலே ஒரு சாண் நீளக் கிளை நரம்புகளில் 8 அல்லது 10 எண் முள் இரண்டு. இரை, இறால் துண்டு அல்லது சேற்றில் தோண்டிய புழு. கரையோரத்திலும் நங்கூரமிட்ட சிறு ஃபைபர் படகின் பக்கத்திலும் ஆழம் ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர்.

மணியின் கோளாறு

மணிக்குள் இருக்கும் குண்டு சுவரில் மோதினால்தான் சத்தம். அதற்கு ராடு நுனி நகர்ந்தால் போதாது, வெடுக்கென்று நகர வேண்டும். சேற்று நண்டு இரையைப் பற்றிக்கொண்டு மெல்ல நடக்கும். நுனி இரண்டு விரற்கடை வளைந்திருக்கும், மணி வாய் திறக்காது. மடவை மாவு இரையை உறிஞ்சிப் பார்த்துத் துப்பும். அதற்கும் மணிக்கும் சம்பந்தமே இல்லை. மணி அறிவிப்பது வேகத்தை, இடப்பெயர்ச்சியை அல்ல. காற்றின் வெடுக்கும் மீனின் வெடுக்கும் அதற்கு ஒன்றுதான் என்பதால்தான் கடற்காற்று எழுந்ததும் அது பயனற்றுப் போகிறது.

இரண்டாவது கோளாறு இதைவிடப் பெரியது, பலரும் கவனிக்காதது. மீன் எப்போதும் நம்மைவிட்டு விலகித்தான் ஓடும் என்று மணி எண்ணிக்கொள்கிறது. இரையை வாயில் போட்டுக்கொண்டு கரையை நோக்கி வரும் மீனும் உண்டு. கீழிருந்து கவ்வி மேலே எழும் மீனும் உண்டு. அப்போது நரம்பு இறுகுவதில்லை, தொய்கிறது. தொய்ந்த நரம்பில் மணி எப்படி அடிக்கும்? காலியாக வரும் முள்ளுக்குப் பல நேரம் இந்தத் தொய்வுக் கொத்துதான் காரணம்.

மூன்றாவது, இடையில் இருக்கும் நரம்பு. நாற்பது மீட்டர் தள்ளி வீசியிருந்தால் பக்கவாட்டு நீரோட்டம் நரம்பை வில்லாக வளைத்து வைத்திருக்கும். மீன் இழுக்கும் முதல் இழுப்பெல்லாம் அந்த வில்லை நேராக்கவே செலவாகும். போதாக்குறைக்கு நைலான் வேறு நீளும். அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் நீளக்கூடிய பொருள் அது. விலை கூடிய மணி வாங்கினாலும் இது மாறாது. பின்னல் நரம்பு போட்டால் நீட்சி போகும், வில் போகாது; சிப்பி ஒட்டிய கல்லில் உரசினால் நைலானைவிடச் சீக்கிரம் அறுந்தும் போகும்.

இதையெல்லாம் வாயால் சொல்லி நம்பவைக்க முடியாது. ஒரே ராடில் மணியையும் கீழே சொல்லப்போகும் நுனிப்பட்டையையும் சேர்த்து மாட்டி வைத்து, எது முதலில் அசைகிறது என்று பார்ப்பதே நல்ல சோதனை. பட்டை நன்றாக நிமிர்ந்து தாழ்ந்துகொண்டிருக்க, மணி சும்மா தொங்குவதைப் பார்த்தவர் அதற்குப் பிறகு மணியை நம்ப மாட்டார்.

உறைந்த ஏரியில் என்ன செய்கிறார்கள்

ரஷ்யாவிலும் பின்லாந்திலும் பனி உறைந்த ஏரியில் துளை போட்டு, முழ நீள ராடால் நேர்கீழாக நரம்பு விடுவார்கள். கடுங்குளிரில் மீனின் உடல் மந்தமாகிவிடும்; கொத்து மிக மெல்லியது. அதனால் ராடு நுனிக்கு முன்னால் இன்னும் மெல்லிய ஒரு பட்டையை நீட்டி, அதன் முனைக் கண் வழியாக நரம்பை விடுகிறார்கள். ரஷ்யர்கள் அதைக் கிவோக் என்கிறார்கள்; வட அமெரிக்காவில் ஸ்பிரிங் பாபர். அந்தக் காலத்தில் காட்டுப்பன்றியின் முரட்டு மயிரில் செய்தார்கள், பிறகு கடிகார ஸ்பிரிங்கில், இப்போது பெரும்பாலும் பாலியெஸ்டர் படலத்தில்.

அதன் சூட்சுமம் மென்மை மட்டும் அல்ல. தூண்டிலின் எடையாலேயே பட்டை பாதி வளைந்து நிற்கும்படி அளவு வைத்திருப்பார்கள். மீன் கீழே இழுத்தால் இன்னும் வளையும். மேலே தூக்கினால் நிமிரும். இரண்டு பக்கமும் பேசும் காட்டி அது. நமக்குத் தேவையானதும் அதுதான்.

ஆனால் அங்கே பனிக்கட்டிக்குக் கீழே நரம்பைக் காற்று தொடாது, ஏரியில் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற வற்றம், கிடையாது, யாரும் வீசி எறிவதும் இல்லை. எனவே இந்தப் பட்டை நேர்கீழாக நரம்பு விடும் இடத்துக்கு மட்டுமே: படகின் பக்கம், கரைச்சுவரின் அடி, பாலத்தின் கீழ். வீசிப் போடும் ராடுக்கு வேறு காட்டி. அதைச் சுருக்கமாக முதலில் முடித்துவிடலாம்.

வீசிய ராடுக்குத் தொங்கல்

ஹோமியோபதி மாத்திரை வரும் சிறு பிளாஸ்டிக் குப்பி ஒன்று, அதன் மூடியில் துளையிட்டுக் கட்டிய துணி கிளிப் ஒன்று, உள்ளே எடை. 8 மி.மீ. போல்ட்டின் நட்டு ஒன்று சுமார் 5 கிராம். குப்பிக்குள் போகும் அளவில் ஒன்றோ இரண்டோ போட்டு, மிச்ச இடத்தில் மணலை நிரப்பினால் குலுங்காது. ராடை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தி, ஈயம் கிடக்கும் திசைக்கு நேராக நீட்டி வையுங்கள். ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவில் நரம்பை ஒரு சாண் கீழே இழுத்து, அதில் குப்பியைக் கிளிப்பால் மாட்டுங்கள். குப்பி ஏறினால் மீன் விலகி ஓடுகிறது. குப்பி இறங்கினால் மீன் நம்மை நோக்கி வருகிறது. மணி தவறவிட்ட கொத்து இதுதான்.

குப்பி தானாகவே மெல்ல ஏறிக்கொண்டே போனால் அது மீன் அல்ல, நீரோட்டம். எடையைக் கூட்டுங்கள். நீர் நிற்கும் நேரத்தில் 5 கிராம் போதும், ஓட்டம் வலுத்தால் 15 முதல் 20 வரை தேவைப்படும். கிளிப்பின் வாய் கெட்டியாக இருந்தால் நரம்பைக் கசக்கிவிடும், எனவே ஸ்பிரிங்கைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். குப்பியை ஒரு முழ நூலால் ராடு தாங்கியில் கட்டி வைக்காவிட்டால், சுண்டி இழுக்கும்போது பறந்து போய்த் தண்ணீரில் விழும், அல்லது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மேல் விழும்.

நுனிப்பட்டை: எந்தப் பொருள்

விறைப்பு எப்படி மாறுகிறது என்று தெரிந்தால் பொருள் தேர்வு எளிது. பட்டையின் அகலம் இரட்டித்தால் விறைப்பு இரட்டிக்கும். தடிமன் இரட்டித்தால் எட்டு மடங்காகும். வெளியே நீளும் பகுதி பாதியானாலும் எட்டு மடங்காகும். அதாவது அகலத்தை வெட்டிச் சரி செய்வது வீண் வேலை. நீளத்தைத்தான் தள்ளியும் இழுத்தும் சரி செய்ய வேண்டும்.

பனித்தூண்டில்காரர்களின் கைப்பழக்கத்தை அப்படியே நகல் எடுத்து, பழைய எக்ஸ்ரே படலத்தில் பட்டை வெட்டுவதே எல்லாரும் முதலில் செய்வது. படலத்தின் தடிமன் 0.18 மி.மீ. வாக்கில், ஒரு கிராமுக்கும் குறைந்த எடைக்கு அங்கே அது சரி. இங்கே 20 கிராம் ஈயத்தை மாட்டினால் பட்டை முழுசாக மடிந்து, ராடு நுனியிலிருந்து நேராகக் கீழே தொங்கும். அதற்கு மேல் அது எதையும் காட்டாது. இரண்டு படலத்தை ஒட்டிப் பார்ப்பார்கள் அடுத்து. ஒட்டு கெட்டியாக இருந்தால்தான் எட்டு மடங்கு விறைப்பு. ரப்பர் பசையோ இருபக்க டேப்போ போட்டால் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், கிடைப்பது இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தான். ஃபெவிக்விக் கெட்டியாக ஒட்டும், ஆனால் நாலு தடவை வளைந்ததும் படபடவென்று விட்டுவிடும். ஒட்டு வேலையே வேண்டாம்.

எக்ஸ்ரே படலத்தை ஏரிக்கு வைத்துக்கொள்ளலாம். ரெட்டேரியிலோ கொரட்டூர் ஏரியிலோ மண்புழு கோத்து ஜிலேபி மீன் பிடிக்க 2 கிராம் ஈயம் போதும். அதற்கு 12 மி.மீ. அகலத்தில் 4 செ.மீ. நீட்டிய படலம் கச்சிதமாக இருக்கும். கறுப்புப் பூச்சை எடுக்க, பிளீச்சிங் கரைசலில் கொஞ்ச நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் வழன்று வந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கழுவிய நீரை மீன்தொட்டிப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

5, 6 கிராம் ஈயத்துக்குக் குளிர்பான பாட்டில் பட்டை. இதில் ஒரு பொறி இருக்கிறது. பாட்டிலை மேலிருந்து கீழாக வெட்டினால் பட்டை குறுக்கே வளைந்திருக்கும். எஃகு இஞ்ச் டேப்பை நீட்டினால் விறைப்பாக நின்று திடீரென மடிவதைப் போல இதுவும் கொத்துக்கு அசையாமல் நின்று ஒரேயடியாக மடியும். பாட்டிலின் சுற்றளவு வாக்கில் வெட்டுங்கள். வளைவு நீளவாக்கில் வரும். அந்த வளைவை மேல்நோக்கி வைத்து மாட்டினால் ஈயத்தின் எடை அதை இறக்கி வேண்டிய நிலைக்குக் கொண்டுவரும். நான்கு செ.மீ. நீட்டம் போதும்.

கழிக்கு, 20 கிராம் ஈயத்துக்கு, பெட்டிகளைக் கட்டி வரும் பச்சைப் பேக்கிங் பட்டையைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது. மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் யார்டு வாசல்களிலும் பாரிமுனை மொத்தக் கடைகளின் பின்புறமும் குப்பையாகவே கிடக்கும். பச்சை நிறத்தில் கெட்டியாக இருப்பது பெட் (PET) பிளாஸ்டிக். வெள்ளையிலோ மஞ்சளிலோ சொரசொரப்பாக வருவது பாலிபுரோப்பிலீன். இரண்டாவது வேண்டாம். வளைத்து வைத்த நிலையிலேயே அது படிந்துபோகும். காலையில் நேராக இருந்த பட்டை மதியத்துக்குள் தொங்கிவிடும். சுருட்டி எறிந்த பச்சைப் பட்டையிலும் மடிப்பு விழாத நேர்த்துண்டாகப் பார்த்து எடுக்க வேண்டும், மடிந்த இடம் மடிந்த இடம்தான்.

சைக்கிள் பிரேக் ஒயரைப் பிரித்து ஒரு இழையை நுனியில் கட்டுவதும் நடக்கிறது. 1.5 மி.மீ. ஒயரில் பெரும்பாலும் 19 இழைகள், ஒவ்வொன்றும் சுமார் 0.3 மி.மீ. அழகாக ஆடும், ஆனால் ஒற்றை இழை 20 கிராமுக்குப் போதாது, ஆறேழு இழை கட்ட வேண்டும். உப்புக் காற்றில் துருப்பிடிக்கவும் அதிக நாள் ஆகாது. அத்தனை சிரமத்துக்கு அது தகுதியான பொருள் இல்லை.

செய்முறை

12 மி.மீ. அகலப் பச்சைப் பட்டையில் 16 செ.மீ. நறுக்கிக்கொள்ளுங்கள். 6 செ.மீ. ராடோடு கட்ட, 10 செ.மீ. முன்னால் நீட்ட. நீளும் பகுதியை 12 மி.மீ.யிலிருந்து முனையில் 5 மி.மீ. வரும்படி இரு பக்கமும் சரிவாக வெட்டுங்கள். சரிவு அழகுக்காக அல்ல: ஒரே அகலமாக விட்டால் வளைவு பெரும்பாலும் கட்டின இடத்திலேயே விழும், அங்கேதான் வெள்ளைக் கோடு விட்டு ஒருநாள் ஒடியும். சரிவாக வெட்டினால் வளைவு நீளம் முழுக்கப் பரவும், முனையின் எடையும் குறையும். ஓரங்களை 220 எண் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். கத்திரி விட்ட சின்ன வெட்டு ஒன்றே விரிசலுக்குத் தொடக்கம்.

முனைக் கண்ணுக்கு 0.5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி. 4 மி.மீ. ஆணியில் ஒன்றேகால் சுற்றுச் சுற்றி, முனையைச் சற்று விலக்கி விடுங்கள். சுருள் மூடாமல் இருந்தால் நரம்பை அறுக்காமலே உள்ளே நுழைக்கலாம், வெளியே எடுக்கலாம். கொடுவா ஒன்று மாட்டி ராடை வில்லாக வளைக்கும்போது நரம்பைப் பட்டையிலிருந்து கழற்றிவிட இந்த வசதி வேண்டும். கம்பியின் வாலைப் பட்டையின் மேல் படுக்க வைத்துத் தையல் நூலால் நெருக்கிச் சுற்றி, மேலே நெயில் பாலிஷ் இரண்டு கோட்டு. பட்டையில் வெறும் துளை போட்டு நரம்பை விடாதீர்கள். நரம்பு பிளாஸ்டிக்கில் காடி வெட்டும், அந்தக் காடி பிறகு நரம்பையே வெட்டும்.

முனையில் இரண்டு செ.மீ. ஆரஞ்சு நெயில் பாலிஷ், அதற்குப் பின்னால் ஒரு செ.மீ. கறுப்பு. தண்ணீர் மினுக்கத்தில் ஒற்றை நிறம் கரைந்துபோகும். இரண்டு நிறமும் சேரும் விளிம்புதான் கண்ணில் நிற்கும்.

ராடோடு கட்ட, சைக்கிள் டியூபில் வெட்டிய இரண்டு வளையம். பட்டையை நுனி வளையத்துக்குக் கீழே, ராடின் அடிப்பக்கம் வைத்து, வளையங்களை இரண்டு சுற்றாக முறுக்கி மாட்டுங்கள். பட்டை வழுக்காமல், ஆனால் கட்டைவிரலால் தள்ளினால் நகரும்படி இருக்க வேண்டும். ராடு நுனி மெலிந்து வளையம் பிடிக்காவிட்டால், கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் காற்றுக் குழாயில் ஓரங்குலம் கீறி ராடின் மேல் போர்த்தி, அதன்மேல் கட்டுங்கள்.

அளவு பார்த்தல்

வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை இது. ராடை மேசை ஓரத்தில் படுக்கையாகக் கட்டிவைத்து, பட்டை முனையில் 20 கிராம் ஈயத்தைத் தொங்கவிடுங்கள். வெளியே நீளும் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு முனை தாழ வேண்டும்: 10 செ.மீ.க்கு மூன்றேகால் செ.மீ. வாக்கில். அதிகமாகத் தாழ்ந்தால் பட்டையை உள்ளே தள்ளுங்கள். 10 செ.மீ.யை 8 ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ இரட்டிக்கும் என்பதால், ஒரு தடவைக்கு அரை செ.மீ. போதும். குறைவாகத் தாழ்ந்தால் வெளியே இழுங்கள், அல்லது பக்கங்களை இன்னும் கொஞ்சம் சரிக்கலாம்.

பிறகு நுட்பம் பார்க்க: ஈயத்தோடு ஒரு காலிக் குப்பியைக் கட்டி, ஊசி போடும் சிரிஞ்சால் ஒவ்வொரு மில்லியாகத் தண்ணீர் விடுங்கள். ஒரு மில்லி ஒரு கிராம். சரியான பட்டையில் கிராமுக்கு ஒன்றரை மி.மீ.யாவது முனை இறங்கும். மூன்று கிராம் இழுப்பு என்றால் கிட்டத்தட்ட அரை செ.மீ.; இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அது தப்பாது. அதே மூன்று கிராமை ராடு நுனியில் நேரடியாகத் தொங்கவிட்டுப் பாருங்கள், 7 அடி ராடு அதை மதிக்கவே மதிக்காது. சிரிஞ்ச் இல்லாவிட்டால் பத்து ரூபாய் நாணயம் ஏழே முக்கால் கிராமுக்கு ஒட்டி இருக்கும். கடைக்காரர்கள் வாங்கத் தயங்கும் அந்தக் காசுக்கு இங்கே ஒரு வேலை.

தண்ணீரில் வைக்கும் விதம்

ஈயத்தை இறக்குங்கள். அடியைத் தொட்டதும் பட்டை நிமிரும். இப்போது நரம்பைக் கொஞ்சம் ஏற்றி, முன்பு தாழ்ந்த அளவில் பாதி வளைவு வரும்போது நிறுத்துங்கள். ஈயத்தின் பாதி எடை தரையில், பாதி பட்டையில். மீன் இழுத்தால் கீழே போகவும் இடம் இருக்கிறது, தூக்கினாலோ கிட்ட வந்தாலோ நிமிரவும் இடம் இருக்கிறது. முழுப் பாரத்தையும் பட்டையில் ஏற்றினால் ஈயம் அந்தரத்தில் ஆடும். முழுதும் இறக்கிவிட்டால் பழையபடி தொய்வு.

கழியின் அடியில் பல இடங்களில் அனல்மின் நிலையச் சாம்பல் சேறோடு படிந்து கிடக்கிறது. உருண்டை ஈயம் அதில் புதைந்து ஒட்டிக்கொள்ளும். நரம்பை ஏற்றும்போது பட்டை நன்றாக வளையும், பிறகு சேறு விட்டதும் தானாக நிமிரும். கொத்து என்று சுண்டுவார்கள், ஒன்றும் இருக்காது. தட்டை ஈயம் போட்டால் இந்தத் தொல்லை குறையும். போட்டதும் ஒருமுறை நாலு விரல் தூக்கி மறுபடி வையுங்கள்.

இனி ஓதம். உறைந்த ஏரியில் கற்றவர்களின் குறிப்பு எதிலும் இதைப் பற்றி இருக்காது, இங்கே வேலையைக் கெடுப்பதே இதுதான். சென்னைக் கடலோரத்தில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் வித்தியாசம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு மீட்டர் என்றால், நடு ஓதத்தில் பத்து நிமிடத்துக்கு மூன்று நான்கு செ.மீ. கழிக்குள் இது குறையும், முகத்துவாரத்தில் மணல் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து. பாதியாகக் குறைந்தாலும் கூட, பட்டையின் மொத்த ஆட்டமே மூன்றேகால் செ.மீ. என்பதை நினைவில் வையுங்கள். படகில் இருந்தால், ஏறும் நீர் படகையும் தூக்கிக் கால் மணி, இருபது நிமிடத்தில் பட்டையை முழுசாக வளைத்துவிடும். வற்றும்போது அதே நேரத்தில் பட்டை நிமிர்ந்து, தொய்வுக் கொத்து வந்ததுபோலக் காட்டும். பட்டை "வேலை செய்யவில்லை" என்று கழற்றி எறிகிறவர்களில் பலர் ஓதத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

கரைச்சுவரில் கட்டிய ராடுக்கு இது இல்லை, ஏனென்றால் சுவரும் அசையாது, கழியின் தரையும் அசையாது. நீர் ஏறினால் நரம்பின் நனைந்த பகுதி கூடுமே தவிர நீளம் மாறாது. அதனால் முதல் தடவை பழகுகிறவர் சுவரில் தொடங்குவது நல்லது.

படகில் சரி செய்ய ரீல் கைப்பிடியை நம்பாதீர்கள். ஒரு சுற்றுக்கு முக்கால் மீட்டர் வாக்கில் நரம்பு வரும், இரண்டு செ.மீ. என்பது அதில் கண்ணுக்குத் தெரியாத அசைவு. ரீலில் நரம்பை இறுக்கிப் பிடிக்கும் டிராகைத் தளர்த்தி, ரீலுக்கு முன்னால் நரம்பை விரலால் வேண்டிய அளவு இழுத்துவிடலாம். வற்றும்போது கால் சுற்றுச் சுற்றி, மிகுந்ததை விரலால் திருப்பி விடுங்கள். இன்னும் எளிது, ராடின் அடிக்கட்டையின் கீழே ஒரு மரச்சிம்பு வைத்து நுனியை ஏற்றி இறக்குவது.

படகின் ஆட்டம் வேறு கதை. சின்ன அலையும் பட்டையை ஏற்றி இறக்கும். ஆனால் அலைக்கு ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளம் எங்கே தவறுகிறது என்று பார்க்க வேண்டும். கீழே போன பட்டை மேலே வரவில்லை என்றால் சுண்டுங்கள்.

காற்றுக்குப் பட்டை படுத்திருப்பது சாதகம். பக்கத்திலிருந்து வரும் காற்று அதன் மெல்லிய ஓரத்தில்தான் மோதும். முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ வந்தால் வளைந்த முகத்தில் மோதி ஆட்டும். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வருமாதலால், ராடை வடக்கு அல்லது தெற்கு பார்க்க வையுங்கள். பட்டை முனை நீருக்கு ஓரடிக்கு மேல் உயரம் போகாமல் இருந்தால் நரம்பில் காற்று பிடிப்பதும் குறையும்.

எந்த அசைவு எந்த மீன்

கிழங்கான் இரண்டு மூன்று குட்டித் தட்டு தட்டி, நின்று, பிறகு நீளமாக இழுக்கும். தட்டும்போது சுண்டினால் முள் வெறுமனே வரும், இழுக்கும்போது சுண்டுங்கள். மடவை தட்டவே தட்டாது, பட்டை கொஞ்சம் நிமிர்ந்து அப்படியே நிற்கும். அந்த நிமிர்வுதான் கொத்து, உடனே மெல்லத் தூக்குங்கள். கெளுத்தி யோசிக்க விடாது, பட்டையை மடக்கிக்கொண்டு போகும். கழற்றும்போது அதன் மூன்று முட்களுக்கும் கை எட்டாமல் பாருங்கள். மெல்ல இறங்கி, நின்று, மெல்ல ஏறி, மறுபடி இறங்கினால் நண்டு. சுண்டினால் விட்டுவிடும், அவசரமில்லாமல் ஏற்றி, நீர்மட்டத்துக்கு வருமுன் கீழே கைவலையை நீட்டுங்கள்.

படபடவென்று ஒரு நடுக்கம், உடனே பட்டை முழுக்க நிமிர்ந்து அசையாமல் நின்றால் சுற்றி எடுத்துப் பாருங்கள். கிளை நரம்பு கத்தியால் வெட்டியதுபோல் போயிருந்தால் பேத்தை. அது நச்சு மீன், மாட்டினாலும் சட்டிக்கு உதவாது. இரண்டு முறை தொடர்ந்து இப்படி நடந்தால் இடத்தை மாற்றிவிடுவதே மேல், முள்ளுக்குத்தான் நஷ்டம்.

பராமரிப்பும் இரவும்

உப்பு காய்ந்தால் கண்ணின் உள்பக்கம் சொரசொரக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிக்குள் எண்ணெய் பரவிய பிறகு, கரைக்கற்களில் பிசுக்கு இருந்த இடங்களில் நரம்பும் அதை வாரிக்கொண்டது. பிசுக்கில் சாம்பல் துகள் ஒட்டினால் அந்த நரம்பே உப்புத்தாள்தான். பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் நனைத்த துணியால் கடைசி ஐந்து மீட்டரைத் துடைத்துவிடுவது போதும்.

பட்டையை ராடிலேயே விட்டு, வளைந்த நிலையில் பைக்கில் கட்டி வெயிலில் கொண்டுபோனால் அந்த வளைவிலேயே படிந்துவிடும். கழற்றி, ஜியாமெட்ரி பாக்ஸில் அளவுகோலோடு நேராக வையுங்கள். லேசாகப் படிந்த பட்டையை எறிய வேண்டாம், புரட்டி மாட்டினால் எடை அதைத் திருப்பிக்கொடுக்கும்.

இரவுக்குப் பலர் எல்இடியும் பட்டன் செல்லும் கட்டிப் பார்க்கிறார்கள். 2032 செல் ஒன்றே மூன்று கிராம்; முனையில் கட்டினால் கிராம் கணக்கில் அளந்து செய்த வேலை அத்தனையும் வீண். செல்லை அடிப்பக்கம் வைத்து மெல்லிய கம்பி ஓட்டினால் நடக்கும், ஆனால் உப்பு ஈரம் இணைப்புகளைப் பச்சையாக்கிவிடும். நம்பர் பிளேட் ஒட்டும் கடைகளில் ரேடியம் ஸ்டிக்கர் வெட்டுத் துண்டுகளைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். இரண்டு செ.மீ. நீளம், ஐந்து மி.மீ. அகலம், பட்டை முனையின் உங்கள் பக்கம் பார்க்கும் முகத்தில். தலை விளக்கைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்தாலே அது பளிச்சென்று திருப்பி அடிக்கும். விளக்கைத் தண்ணீர்மேல் அடிக்காமல் பட்டையின் மேல் மட்டும் படும்படி சாய்த்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு 20 கிராமைத் தொங்கவிட்டு மறுபடி ஒருமுறை அளவு பாருங்கள்.